உத்தரவு காதில் விழுந்தது, பிரேக்கை மிதித்தது யார் கால்?

கேள்வி: ஐயா, எனக்கு 19 வயது. ஒற்றை இருக்கை கார் பந்தயத் தொடர் ஒன்றில் இது என் இரண்டாவது சீசன். அணியில் இரண்டு கார்கள். சீசன் நடுவில் ஒரு பந்தயத்தில் நான் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பட்டத்துக்குப் போட்டியிடும் டீம்மேட்டுக்கு வழிவிடச் சொன்னார்கள். விட்டேன். 'முதுகெலும்பு இல்லாதவன்' என்று பலர் எழுதினார்கள். கடைசிப் பந்தயத்தில், பட்டத்துக்கு மிச்சமிருந்த ஒரே எதிராளி என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார். 'அவன் உன் பின்னால் வந்தால் ஹேர்பினில் (கொண்டை ஊசி வளைவில்) சீக்கிரம் பிரேக் பிடி, மிச்சம் தானாக நடக்கும்' என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். ரேடியோவில் 'பேசியது ஞாபகம் இருக்கட்டும்' என்று மட்டும் குரல் வந்தது. வழக்கமாக வளைவுக்கு 100 மீட்டர் என்று காட்டும் பலகையில் பிடிப்பவன், அன்று 130-லேயே பிடித்தேன். அவர் என் பின்சக்கரத்தில் ஏறிச் சுழன்று டயர் சுவரில் மோதினார். காயம் இல்லை. கார் போனது, பட்டம் போனது. பந்தயத்தை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஸ்டீவர்டுகளிடம் 'பெடல் மெத்தென்று ஆகிவிட்டது, பயந்து முன்கூட்டியே பிடித்தேன்' என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னவரும் மேனேஜர்தான். பின்னால் வந்தவர் மேல்தான் தப்பு என்று தீர்ப்பாகி, அவருக்கு லைசென்ஸில் பெனால்டி புள்ளி விழுந்தது. அவரே பேட்டியில் 'என் கணிப்புத் தவறு' என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த சீசன் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. நான் சொன்னதைத்தானே செய்தேன்? குற்றம் என்னுடையதா? இப்போது வாய் திறக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இரண்டு உத்தரவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமக்கிறீர்கள். முதலில் மூட்டையைப் பிரித்துவிடுவோம், பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

வழிவிட்டது தப்பே இல்லை. பல வருடம் ரேஸ் இன்ஜினியராக, கார்கள் டயர் மாற்ற வந்து நிற்கும் பிட்டின் சுவரில் உட்கார்ந்து ரேடியோ பொத்தானை அழுத்தியவன் நான். 'இடம் மாறிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டதும் ஒரு மௌனம் வரும். இரண்டு வளைவு, மூன்று வளைவு. பதில் வராது. காரிலிருந்து தகவல் வரும் டெலிமெட்ரி திரையில் ஆக்ஸிலரேட்டர் கோடு மட்டும் ஓரிடத்தில் சட்டென்று சரியும். அதுதான் பதில். அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒருவர் என்ன விழுங்கினார் என்பது எனக்குத் தெரியும். அதை முதுகெலும்பு இல்லாத வேலை என்று எழுதுபவர்களுக்கு அந்த மூன்று வளைவுகள் தெரியாது.

1956-ல் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஃபெராரியின் முதல் ஓட்டுநர் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோவின் கார் ஸ்டீயரிங் கோளாறால் பிட்டில் முடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஒரே பந்தயத்தில் காரைக் கைமாற்றி ஓட்டலாம், புள்ளியைப் பகிர்ந்துகொள்ளலாம். பிட்டுக்கு வந்த லூயிஜி முஸ்ஸோ தன் காரைத் தர மறுத்துவிட்டார். பிறகு வந்த பீட்டர் காலின்ஸ் இறங்கிக் கொடுத்தார். காலின்ஸுக்கு வயது 24. அன்று அவருக்கே பட்டத்துக்கு ஒரு வாய்ப்பு பாக்கி இருந்தது. ஃபாஞ்சியோ அந்தக் காரில் இரண்டாவதாக வந்து உலகச் சாம்பியன் ஆனார். காலின்ஸ் இரண்டே வருடத்தில் நூர்பர்கிரிங்கில் விபத்தில் இறந்தார், சாம்பியன் ஆகவே இல்லை. காலின்ஸைக் கொண்டாடுகிறோம், சரி. முஸ்ஸோவைத் திட்ட யாருக்கும் உரிமை இல்லை என்றும் நான் சொல்வேன். இருவரும் முடிவெடுத்தது தங்கள் சொந்த இருக்கையைப் பற்றி.

அண்மையிலும் நடந்திருக்கிறது. 2024 ஹங்கேரியில் மெக்லாரன் பிட் நிறுத்தங்களை அமைத்த விதத்தால் லாண்டோ நோரிஸ், முன்னால் போய்க்கொண்டிருந்த டீம்மேட் ஆஸ்கர் பியாஸ்ட்ரியைத் தாண்டிவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று அவருடைய இன்ஜினியர் பல சுற்றுகள் மன்றாடினார். 70 சுற்றுப் பந்தயத்தில் 68-வது சுற்றில் நோரிஸ் வேகத்தைக் குறைத்தார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. நோரிஸுக்குக் கோபம் வந்திருக்கும், வலித்திருக்கும். ஆனால் கொடுத்தது அவருடைய பொருள்.

பார்வையாளர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2002 ஆஸ்திரியாவில் ஃபெராரியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ, அணி சொன்னபடி, கடைசி நேர்பாதையில் காரை மெதுவாக்கி டீம்மேட் மைக்கேல் ஷூமேக்கருக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுத்தார். வித்தியாசம் 0.182 வினாடி. கூட்டம் கூச்சலிட்டது. ஷூமேக்கர் மேடையின் முதல் படியில் பாரிக்கெல்லோவை ஏற்றிவிட்டார். மேடை ஒழுங்கை மீறியதற்காக 10 லட்சம் டாலர் அபராதம், அதில் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. பந்தய முடிவை மாற்றும் டீம் ஆர்டருக்கே தடையும் வந்தது. தடை என்ன செய்தது? உத்தரவுக்குச் சுற்றிவளைத்துப் பேசக் கற்றுக்கொடுத்தது. 2010-ல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஃபெராரியின் ஃபெலிப்பே மாஸாவிடம், டீம்மேட் ஃபெர்னாண்டோ அலோன்சோவைப் பற்றி, 'ஃபெர்னாண்டோ உன்னைவிட வேகமாக இருக்கிறார்' என்றார்கள், அவர் வழிவிட்டார், அணிக்கு 1 லட்சம் டாலர் அபராதம். 2011-ல் தடையை எடுத்தே விட்டார்கள். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர் கோபப்படட்டும், ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் அணி அலுவலகம். உங்கள் வீட்டு வாசல் கிடையாது.

இனி இரண்டாவது உத்தரவு.

உத்தரவுகளை அளக்க நான் ஒரே ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: இதற்குக் கீழ்ப்படிந்தால் விலை கொடுப்பது யார்? முதல் பந்தயத்தில் விலை கொடுத்தது நீங்கள். கடைசிப் பந்தயத்தில் விலை கொடுத்தது உங்கள் அணியின் சம்பளப் பட்டியலிலேயே இல்லாத ஒரு பையன். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உங்கள் புள்ளியை எடுக்க மேனேஜருக்கு ஒப்பந்தப்படி அதிகாரம் இருக்கலாம். அடுத்தவர் காரை டயர் சுவருக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? அவரிடம் இல்லாத அதிகாரத்தை அவர் உங்களிடம் கொடுக்கவும் முடியாது.

அவரைத் தடுத்து ஓட்டியிருக்கலாம். உள் ஓரத்தைப் பிடித்து, வளைவில் அகலமாக நின்று, வேகத்தைக் கொஞ்சம் அடக்கி, அவரைப் பத்துச் சுற்று முழுக்க உங்கள் பின்னாலேயே வைத்திருந்தால் அது பந்தயம். டீம்மேட்டுக்காக அதைச் செய்தாலும் பந்தயம்தான். விதிநூல் கோடு கிழித்திருப்பது வேறிடத்தில்: தேவையில்லாமல் மெதுவாகவோ, தாறுமாறாகவோ, மற்றவருக்கு ஆபத்தாகவோ ஓட்டக் கூடாது. பின்னால் ஒட்டி வருபவர் உங்கள் பிரேக் பலகையை நம்பித்தான் தன் காலை வைத்திருக்கிறார். அந்த வேகத்தில் இரண்டு எதிராளிகளுக்கு நடுவில் இருக்கும் ஒரே ஒப்பந்தம் அதுதான், கையெழுத்து இல்லாத ஒப்பந்தம். 30 மீட்டர் முன்னால் மிதித்தபோது நீங்கள் முறித்தது அதை.

'சொன்னதைத்தானே செய்தேன்' என்கிறீர்கள். பொறுப்பு என்பது பாகப்பிரிவினைச் சொத்தைப் போலக் கூறு போட்டால் குறைகிற ஒன்று இல்லை. மேனேஜரின் பொறுப்பு முழுதாக மேனேஜருடையது. உங்களுடையது முழுதாக உங்களுடையது. ஃபார்முலா ஒன் விதிகளில் ஒரு வரி உண்டு: ஓட்டுநர் காரைத் தனியாக, பிறர் உதவியின்றி ஓட்ட வேண்டும். ரேடியோவில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற சர்ச்சைக்காகத்தான் அந்த வரியை எல்லோரும் புரட்டினார்கள். எனக்கு அதில் இன்னொரு அர்த்தமும் எப்போதும் கேட்கும்.

2008 சிங்கப்பூர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெல்சன் பிக்கே ஜூனியர் 14-வது சுற்றில் வேண்டுமென்றே சுவரில் மோதினார். விபத்தின்போது எல்லாரையும் மெதுவாக்கித் தன் பின்னால் வரிசையாக ஓட்டவைக்கும் சேஃப்டி கார் வந்தது. 15-வது இடத்திலிருந்து கிளம்பி, சற்று முன்புதான் பிட்டுக்குப் போய்வந்திருந்ததால் அதில் ஆதாயம் அடைந்த டீம்மேட் ஃபெர்னாண்டோ அலோன்சோ பந்தயத்தை வென்றார். பிக்கேவும் உங்களைப் போலத்தான், ஒப்பந்தம் நீடிக்குமா என்ற பயத்தில் இருந்த இளம் ஓட்டுநர். அடுத்த வருடம் அணி அவரை வெளியே அனுப்பிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அணித் தலைவரும் பொறியியல் தலைவரும் தடை செய்யப்பட்டார்கள். அந்தத் தடைகளைப் பிரெஞ்சு நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது தனிக் கதை. பிக்கே உண்மையைச் சொன்னதற்காகத் தண்டனையிலிருந்து விலக்கு பெற்றார். ஆனால் ஃபார்முலா ஒன்னில் அவர் மறுபடி பந்தயம் ஓட்டவே இல்லை. அந்த வாக்குமூலத்தை அவர் அணியில் இருக்கும்போதே கொடுத்திருந்தால் அதன் எடையே வேறாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். உங்கள் கையில் இன்னும் அந்த நேரம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்களிடம் கடுமையாகப் பேசுவதற்கு முன் என் பங்கையும் சொல்ல வேண்டும். ஒரு பந்தயத்துக்குப் பிறகு ஸ்டீவர்டு அறைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் லேப்டாப். பக்கத்தில் என் ஓட்டுநர். அவர் தோளில் கைபோட்டு மேலாளர் ஒருவர், உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் பிரேக் வரைபடம் திறந்தே இருந்தது. அது அந்தக் கதைக்கு ஒத்துவரவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் லேப்டாப்பை மூடினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மூடும்போது அது போட்ட 'டக்' சத்தம் இன்றைக்கும் கேட்கிறது. எனக்கு அப்போது உங்களைவிடப் பல வயது அதிகம். குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வேலையும் கிடைத்திருக்கும். ஆகவே 19 வயதில் அந்த அறைக்குள் நீங்கள் பொய் சொன்னதை நான் உயரத்தில் நின்று பார்க்கவில்லை. அங்கே வாய் திறந்திருக்க வேண்டிய பெரியவர்கள் இருந்தார்கள்.

ஆனாலும் பொய் பொய்தான். அதுவும் எளிதில் அவிழ்கிற பொய். பெடல் உண்மையிலேயே மெத்தென்று போனால் ஓட்டுநர் நேர்பாதையிலேயே இடதுகாலால் இரண்டு மூன்று முறை தட்டிப் பார்ப்பார். வரைபடத்தில் சின்னச் சின்ன முளைகளாக அது தெரியும். பெடல் ஆழமாகப் போகும், அழுத்தம் ஏறாது. அடுத்த சுற்றிலும் அவர் முன்கூட்டியே பிடிப்பார், ஏனென்றால் பயம் ஒரு வளைவோடு போய்விடாது. உங்கள் வரைபடத்தில் இது எதுவும் இருக்காது. 130 மீட்டரில் ஒரே சுத்தமான கோடு செங்குத்தாக ஏறியிருக்கும். அடுத்த சுற்றில் பழையபடி 100. 2021-ல் ஜெட்டாவில், பின்னால் வந்தவருக்கு முன் சட்டென்று பிரேக் பிடித்ததற்காக மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு ஸ்டீவர்டுகள் 10 வினாடி தண்டனை கொடுத்தபோது அவர்கள் எண்களாகவே பேசினார்கள்: பிரேக் அழுத்தம் 69 பார், வேகக் குறைவு 2.4 ஜி. உங்கள் தொடரில் யாராவது ஒருநாள் அந்த வரைபடத்தைக் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். உங்கள் தூக்கம் அதை நம்பி இருக்கக் கூடாது.

ஸ்டீவர்டு அறையில் பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்களில் உங்களுக்கு நெருக்கமான உதாரணம் லூயிஸ் ஹாமில்டன். 2009 மெல்போர்ன். சேஃப்டி கார் வேளையில் யார்னோ ட்ரூல்லி தடத்தை விட்டு விலக, ஹாமில்டன் முன்னேறினார். அணி குழம்பி, இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கொடுத்தார். விசாரணையில் அப்படி ஓர் உத்தரவே இல்லை என்பது போல அவரும் அணியின் அதிகாரியும் பேசினார்கள். சேஃப்டி கார் வேளையில் விதியை மீறி முந்தினார் என்று ட்ரூல்லியின் மூன்றாம் இடம் பறிபோய் ஹாமில்டனுக்கு வந்தது. சில நாளில் ரேடியோ பதிவும், பந்தயம் முடிந்த கையோடு ஹாமில்டனே கொடுத்த பேட்டியும் உண்மையைக் காட்டிவிட்டன. தகுதிநீக்கம். மலேசியாவில் அவர் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, குரல் உடைய, மன்னிப்புக் கேட்டார். அப்போது அவர் நடப்பு உலகச் சாம்பியன், வயது 24. மேலிடத்தில் சொன்னார்கள் என்று அவரும் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் உள்ளே பேசியது தன் வாய் என்பதையும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆறு முறை உலகச் சாம்பியன் ஆனார். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒத்துக்கொண்ட உடனே எல்லாக் கதவும் மூடிவிடும் என்று உங்கள் மேனேஜர் பயமுறுத்தினால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

'பெடல்' என்ற அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு நிக்கி லாவ்டா நினைவுக்கு வந்தார். 1976, ஜப்பானின் ஃபூஜி, பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்தயம், பேய்மழை. அந்த ஆகஸ்டில்தான் நூர்பர்கிரிங் தீயிலிருந்து பிழைத்து வந்திருந்தார். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்து காரை நிறுத்தினார். இன்ஜின் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று அணியினர் கேட்டார்கள். அவர் மேல் அன்பினால்தான் கேட்டார்கள். வேண்டாம், மழையில் ஓட்ட முடியாதென்று நானே நிறுத்தினேன் என்று சொல்லுங்கள் என்றார். பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹன்ட்டுக்குப் போனது. இயந்திரத்தின் மேல் பழிபோட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது.

இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேசுங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கையெழுத்துப் போட்ட பிறகு பேசினால் அணி உங்களை ரகசியக் காப்பு விதியால் கட்டிப்போடலாம், நீங்களும் மாதாமாதம் ஒரு காரணம் கண்டுபிடிப்பீர்கள். பெற்றோரிடம் சொல்லுங்கள். அணியைச் சாராத வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டி, ஸ்டீவர்டுகளுக்கு எழுதப்போகும் கடிதத்தையும் காட்டுங்கள். புதிய சான்று கிடைத்தால் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சர்வதேச விதியிலேயே இடம் உண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு. உங்கள் தொடரின் விதிநூலை இன்றே எடுத்துப் பாருங்கள். வரம்பு கடந்திருந்தாலும் எழுதுங்கள். பட்டம் மாறாவிட்டாலும் அந்தப் பையனின் லைசென்ஸில் இருக்கும் புள்ளி அநியாயமானது என்பதாவது பதிவாகும்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். எங்கே பிரேக் பிடித்தீர்கள், ஏன் பிடித்தீர்கள், விசாரணையில் சொன்னது எப்படிப் பொய். மேனேஜர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு அடைமொழி வேண்டாம். உங்கள் குற்றம் முதல் வரியில் வரட்டும், அவருடையது பிறகு. 'அவர் சொன்னதால்' என்று தொடங்கும் கடிதத்தைப் படிப்பவர் பாதியிலேயே கீழே வைத்துவிடுவார்.

என்ன நடக்கலாம்? உங்களுக்குத் தடை வரலாம். இந்த அணியில் இடம் போகலாம், அநேகமாகப் போகும். டீம்மேட்டின் பட்டம் கேள்விக்குள்ளாகலாம். அவருக்கு இது எதுவும் தெரியாது என்றால் அவருக்கும் இது இடிதான். அவர் கோபப்பட்டால் பதில் சொல்லாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இதில் இனிப்பான வழி ஒன்றும் தெரியவில்லை.

இனி எந்த அணியில் சேர்ந்தாலும், சீசன் தொடங்கும் முன்பே, ஹெல்மெட் மாட்டாத நேரத்தில், இன்ஜினியரிடமும் மேனேஜரிடமும் ஒரு விஷயத்தை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்: இடம் விடச் சொன்னால் விடுவேன், தடுக்கச் சொன்னால் விதிக்குள் தடுப்பேன், மோதச் சொன்னால் மாட்டேன். மணிக்கு 200 கிலோமீட்டரில் காதுக்குள் குரல் வரும்போது யோசித்து முடிவெடுக்க யாராலும் ஆகாது. அங்கே வருவது முன்பே எடுத்த முடிவுதான். மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்ன ஓட்டுநரிடம் அப்படி ஓர் உத்தரவைக் கொடுக்க எனக்கும் ஒருமுறை வாய் வரவில்லை.

ஸ்டீவர்டுகளுக்கு எழுதுவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பையனுக்குப் போன் செய்யுங்கள். 'என் கணிப்புத் தவறு' என்று அவர் சொன்னது பெருந்தன்மைக்காக இல்லை, அவர் உண்மையிலேயே அப்படி நம்புகிறார். இப்போது ஏதோ ஒரு பயிற்சி நாளில் அவர் ஹேர்பினுக்கு முன்னால் தன் கண்ணையே சந்தேகப்பட்டு, பிடிக்க வேண்டிய இடத்துக்குப் பத்து மீட்டர் முன்னால் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவருடைய இன்ஜினியர் 'ஏன் இப்படி மெதுவாகிவிட்டாய்' என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். நலம் விசாரிப்பையும் மன்னிப்பையும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். 'நான் 130-ல் பிடித்தேன், உன் கணிப்பு சரிதான்' என்று முதலில் சொல்லுங்கள். பிறகு அவர் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் போனை வைக்காதீர்கள்.